அவிழ்த்துவிட்ட நடையில் அறிமுகமில்லாத நாயின் முரட்டு விளையாட்டு: எங்கே தடுக்க வேண்டும்?

வைகறை நடையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் வசிக்கிறேன். என் நாயின் பெயர் செவலை. செந்தூலில் ஒரு பட்டறையின் பின்புறம் குட்டியாகக் கிடந்தவளை எடுத்து வந்து வளர்த்தோம். இப்போது மூன்று வயதாகிறது, கருத்தடை செய்தாகிவிட்டது, எடை 14 கிலோ. வாரத்தில் நான்கைந்து நாள், விடிவதற்குச் சற்று முன்பே, அவளைப் புக்கிட் கியாராவுக்கு அழைத்துச் செல்கிறேன். பழைய ரப்பர் மரங்கள் நிற்கும் உள்பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஓரிடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுவது வழக்கம். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்பதால் இதுவரை எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

கடந்த மூன்று வாரங்களாக அதே நேரத்தில் ஒரு பெரிய சாம்பல் நிற நாயும் வருகிறது. ஹஸ்கி கலப்பு என்று நினைக்கிறேன். ஒன்றரை வயதுக்கு மேல் இராது. ஆனால் செவலையைப் போல் இரு மடங்கு கனம். பார்த்தவுடன் நேராக ஓடி வந்து தோளால் மோதித் தள்ளுகிறது. அவள் எழுந்து ஓடினால் துரத்திப் பிடித்துக் கழுத்துத் தோலை வாயில் கவ்வி உலுக்குகிறது. இரண்டும் உறுமுகின்றன, பல் தெரிகிறது, செவலையின் முதுகு மயிர் தோளிலிருந்து வால்வரை சிலிர்த்து நிற்கிறது. சில சமயம் அவளே திரும்பிப் போய் அதன் முகத்தில் முட்டி விளையாட அழைக்கிறாள். வேறு சில சமயம் ஓடி வந்து என் கால்களுக்கு நடுவில் நுழைந்து நின்றுகொள்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்து மயிர் முழுதும் எச்சிலில் நனைந்து, காய்ந்து, கற்றை கற்றையாக ஒட்டிக்கிடக்கிறது. விரலால் பிரித்துப் பிரித்துத் தோலைச் சோதித்தேன். காயம் எதுவும் இல்லை.

அந்த நாயை அழைத்து வரும் இளைஞர் நல்லவர்தான். “விளையாடத்தானே செய்கின்றன, அங்கிள்; உங்கள் நாயும் வாலாட்டுகிறது, பாருங்கள்” என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத நாய், அதுவும் இவ்வளவு பெரிய நாய், இப்படி நடந்துகொள்ளும்போது அது விளையாட்டா, மிரட்டலா, சண்டைக்கு முன்னோட்டமா என்று எனக்குப் புரியவில்லை. நான் குறுக்கே புகுந்து அவளுடைய மகிழ்ச்சியைக் கெடுத்துவிடக் கூடாது. அதே சமயம், அவள் என்னிடம் ஏதோ சொல்ல வரும்போது அதைக் கவனிக்காமல் நின்றவனாகவும் ஆகிவிடக் கூடாது. நாய்களோடு நெடுநாள் பழகியவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கூண்டில்லா வீடு எழுதியது:

ஐயா, வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, கைவிடப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பராமரித்து வேறு குடும்பங்களிடம் ஒப்படைத்து வருகிறேன். ஒரே முற்றத்தில் ஏழெட்டு நாய்கள் இருந்த நாள்களும் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சத்தத்தையும் பல்லையும் வைத்து எடைபோடாதீர்கள். நன்றாக விளையாடும் நாய்களும் உறுமும், பல்லைக் காட்டும், கழுத்தைக் கவ்வும், ஒன்றையொன்று கீழே தள்ளும். சண்டையில் வரும் அசைவுகள் ஏறக்குறைய எல்லாமே விளையாட்டிலும் வரும். அவற்றுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

முதலில் நீங்கள் தேட வேண்டியது இடைநிறுத்தம். நல்ல விளையாட்டு விட்டு விட்டு நடக்கும். இருபது நொடி உருண்டு புரண்டால், ஒரு நொடியாவது இரண்டும் விலகி நிற்கும். ஒன்று உடம்பை உதறிக்கொள்ளும், மற்றொன்று தரையை மோந்து பார்க்கும், பிறகு மீண்டும் தொடங்கும். அப்படித் தொடங்கும்போது பெரும்பாலும் ஒரு நாய் முன்னங்கால்களை நிலத்தில் பரப்பி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். விளையாட வா என்று அழைக்கும் வணக்கம் அது. மார்க் பெகோஃப் என்ற அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் இந்த வணக்கத்தைத் தொடக்கத்தில் மட்டும் செய்வதில்லை, தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய செயலுக்குச் சற்று முன்போ பின்போதான் அதிகமாகச் செய்கின்றன என்று காட்டினார். அவர் குறிப்பிட்ட செயல்களில் முக்கியமானது, நீங்கள் எழுதியிருக்கும் அதே செயல்: கவ்விக்கொண்டு தலையை இருபுறமும் உலுக்குவது. ஆகவே அந்தச் சாம்பல் நாய் உலுக்குவதைக் கண்டு பதறுவதற்குப் பதிலாக, உலுக்கிய பின் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். விட்டுவிட்டுத் தாழ்ந்து வணங்குகிறதா, அல்லது விடாமல் மேலும் அழுத்துகிறதா?

அடுத்து, உடம்பின் தளர்வு. விளையாடும் நாயின் உடம்பு வளைந்து நெளிந்து, தேவைக்கு மேல் துள்ளும். வாய் திறந்து தளர்ந்திருக்கும். கடிப்பது போல் வந்தாலும் தாடை இறுகாது. குட்டிகள் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதுதான் இந்தப் பிடியின் அளவைக் கற்றுக்கொள்கின்றன. எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்து விற்கப்படும் குட்டிகள் சில இதைச் சரியாகக் கற்காமலே வளர்ந்துவிடுகின்றன; அந்தச் சாம்பல் நாய் தனியாக வளர்ந்த குட்டியா என்று அந்த இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். மாறாக, வாய் மூடி, உடம்பு விறைத்து, ஓர் அசைவும் இல்லாமல் ஒரு நாய் மற்றொன்றின் மேல் தலையை வைத்து நின்றால், சத்தமே இல்லாவிட்டாலும் அந்தக் கணத்திலேயே அழைத்துவிட வேண்டும். எனக்கு அச்சம் தருவது அந்த அமைதிதான், உறுமல் அன்று.

வாலாட்டுகிறதே என்று அந்தத் தம்பி சொன்னதைப் பற்றி ஒரு சொல். வாலாட்டம் என்பது கிளர்ச்சியைக் காட்டும். மகிழ்ச்சியை மட்டும் காட்டுவதில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டது: வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது, அறிமுகமில்லாத, மேலோங்கி நிற்கும் நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. காட்டுப்பாதையில் விடியற்காலை இருட்டில் வலமா இடமா என்று யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது. வாலைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். முதுகு மயிர் சிலிர்ப்பதும் அப்படித்தான். அது அவள் விருப்பமில்லாமலே நிகழ்வது, கோபம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மேலே கிடப்பவனும் கீழே கிடப்பவனும் சரிபாதியாக மாற வேண்டும், இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எரிக்கா பாவர், பார்பரா ஸ்மட்ஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. சரிபாதி இல்லாமலும் நாய்கள் நல்லவிதமாக விளையாடுகின்றன. எப்போதும் கீழே விழுந்து புரளவே விரும்பும் நாய்கள் என் முற்றத்திலும் இருந்திருக்கின்றன. எனவே, செவலை எத்தனை முறை கீழே விழுகிறாள் என்று எண்ண வேண்டாம். அவள் விரும்பித் திரும்பிப் போகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாளைக்கு அந்தத் தம்பியிடம், விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது அவருடைய நாயின் மார்ப்பட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செவலையை நீங்கள் பிடிக்காதீர்கள், கூப்பிடவும் வேண்டாம். அவள் என்ன செய்கிறாள் என்று பத்து நொடி பொறுத்துப் பாருங்கள். பிடிபட்டு நிற்கும் நாயிடம் அவளே போய் முட்டினால் அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. புல்லை மோந்தபடி விலகினால், உதட்டை நக்கிக்கொண்டால், கொட்டாவி விட்டால், உங்கள் பின்னால் வந்து நின்றால், அவளுக்குப் போதும்.

கடைசியாக, அவள் உங்கள் கால்களுக்கு நடுவில் வந்து நிற்பதை எந்த நாளும் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். “போ, போய் விளையாடு” என்று தள்ளியும் விடாதீர்கள். அவள் வந்து நின்றதே உங்களிடம் கேட்டதுதான். நீங்கள் அமைதியாக முன்னால் ஓர் அடி வைத்து, அந்த நாய்க்கும் அவளுக்கும் இடையில் உடம்பைத் திருப்பி நின்றாலே போதும்.

தோட்டத்துப் பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய அம்மாவின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை நானும் ஏற்கிறேன். இருந்தாலும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். அங்கே நாய்களுக்குக் கயிறே கிடையாது. வரிசை வீடுகளின் நாய்கள் எல்லாம் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பின்னாலேயே ஓடும், ஒன்றையொன்று கடித்துப் புரளும், யாரும் தடுத்ததில்லை. நாய்கள் தங்களுக்குள் தாமே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எனக்குள் ஊறியது. பல ஆண்டுகள் கழித்து நகரத்தில் ஒரு சின்ன நாயை வளர்த்தபோது, அதே எண்ணத்தில், பக்கத்துத் தெருப் பெரிய நாய் ஒன்று அவனை நாள்தோறும் திடலில் உருட்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாளும் இரத்தம் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, நாற்பது அடி தூரத்தில் எந்த நாயைக் கண்டாலும் அவன் வெறிபிடித்தாற்போல் குரைக்கத் தொடங்கினான். அந்த அச்சத்தைக் குறைக்க எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. முழுதாகப் போகவும் இல்லை.

தோட்டத்தில் சரியாக நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று பிறகு யோசித்தபோது இரண்டு காரணம் தெரிந்தது. அந்த நாய்கள் பிறந்ததிலிருந்து ஒன்றையொன்று அறிந்தவை. அதைவிட முக்கியம், அங்கே வேண்டாம் என்று நினைத்த நாய் எந்தப் பக்கமும் ஓடிவிடலாம். புக்கிட் கியாராவின் உள்பாதைகளை நான் அறிவேன். பல இடங்களில் ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவும் புதரும். அப்படிப்பட்ட இடத்தில் இரு மடங்கு கனமுள்ள நாய் எதிரே வந்தால் செவலைக்கு விலகிப்போக வழியே இல்லை. விலகிப்போகும் உரிமை இல்லாதபோது நாய் செய்யக்கூடியது மிச்சம் இரண்டுதான்: பணிந்து கிடப்பது அல்லது கடிப்பது. ஆகவே அந்த நாயைச் சந்திப்பது தவிர்க்க முடியாததென்றால், பாதை அகன்று திறந்த வெளியாகும் இடத்துக்குப் போன பிறகே இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள்.

அதேபோல், ஒன்று கயிற்றிலும் மற்றொன்று அவிழ்ந்தும் இருக்கும் நிலையை எப்படியாவது தவிர்க்க வேண்டும். கயிற்றில் நிற்கும் நாய்க்கு ஓட வழியில்லை; கயிறு இறுகும்போது நம் கையின் பதற்றமும் அதன் கழுத்துக்குப் போய்ச் சேர்கிறது. கட்டுவதென்றால் இரண்டையும் கட்டச் சொல்லுங்கள். கயிறு கட்டியே நடக்க வேண்டும் என்று விதி உள்ள இடங்களில் அவிழ்க்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயைக் கண்டாலே அஞ்சுகிறவர்களும், தொட விரும்பாதவர்களும் நம் நாட்டில் அதே பாதையில் நடக்கிறார்கள்.

பினாங்குக் கடற்கரை எழுதியது:

வணக்கம், அண்ணா. நாங்கள் தஞ்சோங் பூங்கா கடற்கரையில், வற்றம் இருக்கும் காலை நேரங்களில் நாய்களோடு நடப்போம். நடத்தையைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உடம்பைப் பற்றிச் சிறிது சொல்கிறேன்.

காயம் இல்லை என்று மயிரைப் பிரித்துப் பார்த்தது மிக நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். நாய்ப்பல் பட்ட காயம் வெளியே சிறு துளையாகத்தான் தெரியும். கவ்வி உலுக்கும்போது தோலுக்கு அடியில் சதை கிழிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் சீழ் வைக்கும். என் நாய்க்கு அப்படித்தான் ஆயிற்று. அன்று நான் பார்த்தது அரிசி அளவு துளை ஒன்றுதான். மூன்றாம் நாள் கழுத்தில் எலுமிச்சைப் பழம்போல் வீங்கி, மருத்துவர் கீறிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

அறிமுகமில்லாத நாய் என்றால் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மலேசியா வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2015-இலேயே பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. அந்த ஆண்டு இங்கே தெருநாய்களைக் கொன்றார்கள். நாய் வளர்க்கும் நாங்கள் ஒவ்வொருவரும் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நின்ற நாள்கள் அவை. அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க நான் தயங்குவதில்லை. நாய்களைப் பிரிக்கும்போது உங்கள் கையில் பல் பட்டாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பிரிக்க நேர்ந்தால் முகங்களுக்கு நடுவில் கையை விடாதீர்கள். நான் எப்போதும் இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறேன், ஒன்று குடிக்க, ஒன்று ஊற்ற.

இன்னொன்று, வெப்பம். நாய் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது எளிதில் நடப்பதில்லை. ஹஸ்கி இரத்தம் உள்ள நாய்க்கு அடர்ந்த மயிர் வேறு. சூடேறிக் களைத்த நாய்க்கு எதிரே உள்ள நாயின் குறிப்பைக் கவனிக்கும் பொறுமை குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஐந்து நிமிடம் நன்றாக இருந்த விளையாட்டு பத்தாம் நிமிடத்தில் கெட்டுப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வைகறை நடையன் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

அந்த இளைஞரிடம் பேசினேன். அவர் மனம் கோணவில்லை. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறது. ஆனால் குட்டியை ஆறு வாரத்திலேயே வாங்கியதாகவும், அடுக்குமாடி வீட்டில் வேறு நாயே இல்லாமல் வளர்ந்ததாகவும் சொன்னார். மேட்டைத் தாண்டிப் பாதை அகலும் இடத்தில் இரண்டையும் சேர்த்து அவிழ்த்துவிட்டோம். இரண்டு நிமிடம் கழித்து அவர் தன் நாயைப் பிடித்துக்கொண்டார். செவலை நின்றாள், உடம்பை உதறினாள், பிறகு அவளே போய் அதன் முன் தாழ்ந்து வணங்கினாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மீண்டும் விட்டோம்.

இன்னும் நான்கைந்து நிமிடம் ஆனது. மறுபடி பிடிக்கச் சொன்னேன். இம்முறை அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டை இரண்டு முறை நக்கிக்கொண்டாள். கீழே கிடந்த ரப்பர்க் கொட்டை ஒன்றைத் தேவைக்கு மேல் நெடுநேரம் மோந்தாள். பிறகு என் காலருகில் வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் சோதித்தேன். ஏறக்குறைய அதே நேரத்தில், அதே மாற்றம். ஆக, அது விளையாட்டா இல்லையா என்று நான் கேட்ட கேள்வியே போதுமானதாக இல்லை. தொடக்கத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது. அவளுக்குப் போதும் என்றான பிறகும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு நின்றதால் நீண்டிருக்கிறது. மூன்று வாரமாக அவள் என் கால்களுக்கு நடுவில் வந்து நின்றதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்தச் சாம்பல் நாய்க்குக் கூப்பிட்டால் வரும் பழக்கம் இன்னும் கைகூடவில்லை. அதனால் நீளக் கயிறு ஒன்றை மார்ப்பட்டையில் மாட்டித் தரையில் இழுபட விட்டிருக்கிறார். அது சரியா என்று மட்டும் சொல்லுங்கள்.

கூண்டில்லா வீடு எழுதியது:

ஐயா, படித்து மிகவும் மகிழ்ந்தேன். நீளக் கயிறு சரிதான். ஆனால் முடிச்சோ கைப்பிடி வளையமோ இல்லாத கயிறாக இருக்கட்டும், வேரில் சிக்கினால் நாய் சுண்டி இழுபடும். கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்ப்பட்டையில் மாட்டியது நல்லது. நாய்கள் பின்னிப் புரளும்போது கயிற்றைக் கையில் பிடிக்காதீர்கள், கால்களில் சுற்றிக்கொள்ளும். இடைநிறுத்தத்தில் மட்டும் அதன் நுனியை மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த நாய் கூப்பிட்டு வரும் ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது கொடுத்து, பிறகு மீண்டும் விளையாட விடச் சொல்லுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று நினைத்தால் அது வராது. தின்பண்டம் கொடுக்கும்போது மட்டும் இரண்டையும் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு துண்டு கோழிக்கறிக்கு இரண்டும் மோதிக்கொள்ளும்.

செவலை காலருகில் வந்து உட்கார்ந்தவுடன் அன்றைய விளையாட்டை முடித்துவிடுங்கள். ஒரு வாரம் அப்படிச் செய்தால், கால்களுக்கு நடுவில் ஓடி ஒளிவதற்குப் பதிலாக, அவள் நடந்து வந்து உட்காரத் தொடங்குவாள். அது நடந்தால் இங்கே எழுதுங்கள்.

வைகறை நடையன் எழுதியது:

இன்று காலை நடந்தே வந்தாள், அம்மா. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்; மயிர் காய்ந்துதான் இருந்தது.